தரை பார்த்து ஓடும் கார்

சேற்று வயலில் உழும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பக்கம் இரும்புக் கூண்டு போன்ற சக்கரம் மாட்டியிருப்பார்கள். கேஜ் வீல் என்பார்கள். வெறும் ரப்பர் சக்கரம் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும். வண்டி நகராது. உழவு முடிந்ததும் கூண்டைக் கழற்றிவிட்டுத்தான் தார் ரோட்டில் ஏற வேண்டும்.

வண்டி ஒன்றுதான். எஞ்சினும் ஒன்றுதான். ஆனால் தரை மாறினால் சக்கரமும் மாற வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு சின்னக் காரில் போட்டுப் பார்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ரேடியோ கார் பந்தயக்காரர்கள்.

ஒரு முழக் கார்

இந்தக் கார் ஒரு முழ நீளம்கூட இருக்காது. எடை ஒன்றரை கிலோ அளவில் இருக்கும். உள்ளே பேட்டரி இருக்கிறது. மோட்டார் இருக்கிறது. ஓட்டுபவர் மட்டும் உள்ளே இல்லை. அவர் உயரமான மேடையில் நிற்கிறார். அவர் கையில் ஒரு கருவி இருக்கிறது. அதில் சின்ன ஸ்டியரிங் உண்டு. துப்பாக்கியில் இருப்பது போல ஒரு விசையும் உண்டு. விசையை இழுத்தால் கார் ஓடும். முன்னால் தள்ளினால் பிரேக் பிடிக்கும். கருவிக்கும் காருக்கும் நடுவே கம்பி கிடையாது. ரேடியோ அலைதான் செய்தியைக் கொண்டுபோகிறது.

முன்பு ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசை தேவைப்பட்டது. இரண்டு பேர் ஒரே அலைவரிசையைப் போட்டுவிட்டால் வம்புதான். இவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அவர் காரும் ஆட்டம் போடும். இப்போதைய கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை.

சின்னக் கார்தானே என்று நினைக்க வேண்டாம். நேரான பாதையில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும்.

ஜப்பானில் ஷிசுவோகா என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ள டாமியா நிறுவனம் 1976இல் தன் முதல் ரேடியோ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது சமதளத்தில் ஓடும் கார். மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் காரை 1979இல் கொண்டுவந்தது. 1985இல் மண் பாதையில் ஓடும் மின்சாரக் கார்களுக்கு அமெரிக்காவில் உலகப் போட்டியே நடந்தது.

காலையில் முள், மாலையில் மொட்டை

மண் பாதையில்தான் வேடிக்கை அதிகம்.

கெட்டியான தரைமேல் கேழ்வரகு சிந்திக் கிடக்கிறது. அதன்மேல் கால் வைத்தால் என்ன ஆகும்? வழுக்கும். கால் தரையைத் தொடவே இல்லை. உருளும் தானியத்தின்மேல் நிற்கிறது. புழுதி படிந்த பாதையில் காருக்கும் இதே கதிதான். அதனால் அங்கே முள் வைத்த டயரைப் போடுகிறார்கள். ரப்பர் முட்கள் புழுதியைத் துளைத்துக்கொண்டு போய்க் கெட்டி மண்ணைப் பிடிக்கும்.

புழுதி அடங்கத் தண்ணீரும் தெளிப்பார்கள். வாசல் தெளிப்பது போலத்தான். தெளித்தவுடன் பிடிப்பு வரும். வெயில் ஏற ஏற மண் காயும். மறுபடி புழுதி கிளம்பும்.

களிமண் பாதையில் இன்னொன்றும் நடக்கும். பல கார்கள் ஒரே தடத்தில் ஓடுகின்றன. டயர்களிலிருந்து ரப்பர் தேய்ந்து மண்ணில் படிகிறது. தடம் கறுத்துப் பளபளவென்று ஆகிவிடுகிறது. இப்போது முள் டயர் உதவாது. ஏன்? முள்ளின் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். கெட்டித் தரையில் முள் இறங்காது. வளைந்து கொடுக்கும். கார் தள்ளாடும். இப்போது முள்ளே இல்லாத மொட்டை டயர் வேண்டும். மெதுவான ரப்பர் தரையோடு முழுதாக ஒட்டி ஓடும். ஆனால் கறுத்த தடத்தைவிட்டு ஒரு சாண் விலகினாலும் புழுதிதான். கார் பம்பரமாகச் சுற்றிவிடும்.

ஆகவே காலையில் ஜெயித்த டயர் மாலையில் தோற்கும். பாதை அதேதான். ஆனால் தரை அதே தரை இல்லை.

(இதைப் படித்துவிட்டு மொட்டை டயரோடு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடாதீர்கள். பந்தயப் பாதையில் தண்ணீர் தேங்கி நிற்காது. நம் ரோட்டில் மழை பெய்யும். டயரில் உள்ள பட்டன்தான் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. பட்டன் தேய்ந்த டயர் தண்ணீரின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது.)

பிடிப்பு அதிகமானால்?

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வெளியே ஓட்டுவது கடினம். அதனால் பெரிய கூடங்களில் கம்பளம் விரித்துப் பந்தயம் நடத்துகிறார்கள். வெளியே உள்ள பாதைகள் பலவற்றில் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். மழை பெய்தாலும் அது சேறாகாது. செயற்கைப் புல்லுக்குச் சின்னச் சின்ன முட்கள் நெருக்கமாக வைத்த டயர் பொருந்தும்.

கம்பளத்தில் புழுதி இல்லை. பிடிப்பு ஏராளம். பிடிப்பு அதிகம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் வருகிறது.

வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி வேகமாகத் திரும்பினால் என்ன ஆகும்? சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். மேலே உள்ள பாரம் நேராகப் போகப் பார்க்கும். வண்டி குடைசாயும். கம்பளத்தில் ரேடியோ காரும் இப்படித்தான் குடைசாய்கிறது. டயர் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்திருந்தால் கார் தப்பித்திருக்கும்.

அதனால் காரைத் தரையோடு தாழ்த்தி வைக்கிறார்கள். இன்னொரு வேலையும் செய்கிறார்கள். ஃபெவிக்விக் போன்ற பசையை டயரின் பக்கவாட்டில் தடவிக் காயவிடுகிறார்கள். காய்ந்த பசை கல் மாதிரி இறுகும். கார் சாயும்போது அந்த இடம் கம்பளத்தைப் பிடிக்காது. வழுக்கிவிடும். கார் கவிழாது. காசு கொடுத்து நல்ல டயர் வாங்கி, அதன் பிடிப்பைப் பசை போட்டுக் குறைக்கிறார்கள்!

தார்ப் பாதையில் இதற்கு நேர்மாறான வேலை நடக்கும். அங்கே பிடிப்பு போதாவிட்டால் சில இடங்களில் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பார்கள். அது காய்ந்தால் பிசுபிசுப்பு வரும். டயர் ஒட்டி ஓடும். எறும்பு வருமா என்று கேட்காதீர்கள். ஓடுகிற கார் எறும்புக்கு நேரம் கொடுக்காது. தாரின் சூட்டையும் கருவி வைத்து அளப்பார்கள். சூட்டுக்குத் தகுந்தபடி கெட்டி ரப்பரா, மெதுவான ரப்பரா என்று முடிவு செய்வார்கள்.

எல்லாத் தரையிலும் வென்றவர்

ஒருவர் ஒரு தரையில் கெட்டிக்காரராக இருப்பார். தரை மாறினால் திணறுவார். இதுதான் வழக்கம். ஜப்பானைச் சேர்ந்த மசாமி ஹிரோசாகா அப்படி இல்லை. 1987இல் இங்கிலாந்தில் மேடுபள்ளப் பாதையில் உலகப் பட்டம் வென்றார். பிறகு சமதளப் பந்தயங்களிலும் வென்றார். மொத்தம் 14 உலகப் பட்டங்கள் பெற்றார்.

மின்சாரக் கார் பந்தயம் பெரும்பாலும் 5 நிமிடம்தான். தவறான டயரைப் போட்டுவிட்டால் நடுவில் மாற்ற நேரம் கிடையாது. அந்த 5 நிமிடத்தையும் தள்ளாடியே கழிக்க வேண்டும்.

பந்தயம் முடிந்ததும் ஓட்டியவருக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. அடுத்த பந்தயத்தில் அவர் வளைவு ஒன்றில் போய் நிற்க வேண்டும். கவிழும் கார்களை ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். தோற்றவர் நிற்பார். ஜெயித்தவரும் நிற்பார். சிலர் இதைத் தண்டனை போல நினைத்து முணுமுணுப்பார்கள். விவரம் தெரிந்தவர் முணுமுணுப்பதில்லை. மேடையிலிருந்து பார்த்தால் பாதை முழுவதும் ஒரே நிறமாகத் தெரியும். வளைவில் நின்றால் எங்கே தடம் கறுத்திருக்கிறது, எங்கே ஈரம் காய்ந்துவிட்டது என்று பக்கத்திலேயே தெரியும். அவர் குனிந்து மண்ணை விரலால் தேய்த்துப் பார்ப்பார். பிறகு தன் மேசைக்குப் போய், மாட்டியிருந்த டயரைக் கழற்றுவார்.