திண்ணையை இடிக்காமல் வாசலை மாற்றலாம்

தெருவை ஒட்டி இரண்டு திண்ணை, நடுவே படி, கனத்த நிலைக்கதவு, உள்ளே கால் வைத்தால் இருட்டான ரேழி, அதற்கப்பால் முற்றமும் கூடமும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய தெரு வீடுகள் பலவற்றின் முகப்பு இப்படித்தான். அங்கே சின்னப் பிள்ளைகளோடு ஓர் இளம் குடும்பம் குடியேறினால், சில வாரங்களில் ரேழி முழுக்கச் செருப்பு, பள்ளிக்கூடப் பை, ஹெல்மெட், மூன்று சக்கர சைக்கிள், கூரியர் பெட்டி என்று குவிந்துவிடும். ஒரு திண்ணையை இடித்து ஸ்கூட்டர் நிறுத்தலாம், ரேழிக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்ற யோசனை அப்போதுதான் கிளம்பும்.

இடிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தவழும் குழந்தைக்கு வைக்கிற தடுப்பு ஐந்து வருஷத்தில் தேவைப்படாது. சுவரும் நிலையும் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் வேண்டும். ஆகவே வீட்டின் பழுதை நிரந்தரமாகச் சரிசெய்யுங்கள். பிள்ளைகளுக்கான வசதிகளை ஸ்க்ரூவில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி செய்யுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விதியின்படிதான்.

1. ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

காலையில் யார் எத்தனை மணிக்கு, கையில் எதோடு கிளம்புகிறார்கள்? திரும்பி வந்ததும் அதை எங்கே போடுகிறார்கள்? பாட்டி எந்தப் படியில் சுவரைப் பிடிக்கிறார்? மழை பெய்தால் தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது? எழுதி வையுங்கள். பொருள் தானாக வந்து விழுகிற இடம்தான் அதற்கான இடம். மாட்டியை எதிர்ச்சுவரில் அடித்தால், பை பழைய இடத்தில்தான் கிடக்கும்.

கூடவே அளவும் எடுங்கள்: திண்ணையின் உயரம், ரேழியின் அகலம், கதவு முழுக்கத் திறந்தபின் மிஞ்சும் இடம், தெருவுக்கும் நிலைப்படிக்கும் உள்ள உயர வித்தியாசம்.

2. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

ரோடு மேல் ரோடாகப் போட்டதில் பல ஊர்களில் தெரு உயர்ந்து, மூன்று படி இருந்த வீட்டுக்கு இன்று ஒரு படிதான் மிச்சம். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வருவது அதனால்தான். இதற்காக ரேழித் தரையை உயர்த்தாதீர்கள். நிலையின் உயரம் குறைந்து தலை இடிக்கும், நிலைப்படி மண்ணோடு மண்ணாகும். வெளிப்படியின் விளிம்பில் நான்கு அங்குலத்துக்கு ஒரு வரம்பு கட்டி, அதன் முன்னால் இரும்புச் சல்லடை மூடிய வாய்க்கால் ஒன்றை வெட்டிச் சாக்கடையோடு இணைத்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

அடுத்தது சுவரின் கீழ்ப்பகுதி. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்துப் பூச்சு உதிரும். டைல்ஸ் ஒட்டினால் ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி வெளிப்படும். உதிர்ந்த சிமென்ட் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுவரைச் சில வாரம் காயவிட்டு, சுண்ணாம்புக் கலவையே பூசச் சொல்லுங்கள். தை பிறந்தபின் தொடங்கினால் காய்வதற்கு நல்ல வெயில் கிடைக்கும்.

3. திண்ணையைத் தொடுமுன் தூணைப் பாருங்கள்

திண்ணைமேல் நிற்கும் மரத்தூண்தான் பல வீடுகளில் முன்பக்க ஓட்டுச் சாய்ப்பைத் தாங்குகிறது. திண்ணையை வெட்டினால் தூணின் கால் போகும். பழைய கட்டடம் அறிந்த பொறியாளர் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

வண்டிக்கு வழி வேண்டுமென்றால், மடக்கி வைக்கக்கூடிய இரும்புத் தகட்டுச் சாய்வு போதும். தெருவில் நீட்டிக் கட்டிய சிமென்ட் சாய்வை நகராட்சி ஒருநாள் இடித்துவிட்டுப் போகும். கோலம் போடும் இடத்தையும் அது தின்றுவிடும். சக்கர நாற்காலி தானாக ஏறும் சாய்வு வேண்டுமானால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. தெரு வீட்டு முகப்பில் அதற்கு இடம் இருக்காது. படியை ஆறு அங்குல உயரம், ஓர் அடி அகலம் என்று ஒரே சீராக்கி, பக்கத்தில் கைப்பிடி வைப்பதுதான் முதியவர்களுக்கு நடைமுறையில் உதவும். அதே கம்பியில் இரண்டடி உயரத்தில் இன்னொரு பிடி வைத்தால் பிள்ளைகளும் பிடித்து ஏறுவார்கள்.

மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை ரேழியில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடும் வழியே அடைபட்டுப்போகும்.

4. நிலைக்கதவு: அழகும் ஆபத்தும்

பழைய கதவில் அடுக்கடுக்காகப் பெயின்ட் இருக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சைக் காய்ந்த நிலையில் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், பெயின்ட் நீக்கும் திரவம் தடவி, ஈரத்தோடு சுரண்டச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

கதவில் இன்னும் மூன்று வேலை:

- கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். குழந்தை உள்ளே இருந்து தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. தாழ்ப்பாள் ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும்.
- குடுமியில் சுழலும் கதவானால், குடுமிப் பக்கத்து இடைவெளியில் விரல் நசுங்கும். அங்கே ரப்பர் பட்டை அடியுங்கள். காற்றில் அறைந்து சாத்தாதபடி இரண்டு கதவுக்கும் கொக்கி வையுங்கள்.
- நிலைப்படியை அறுக்காதீர்கள். நிலையின் இரு கால்களையும் விலகாமல் பிடிப்பது அதுதான். மழைநீரையும் பூரானையும் தடுப்பதும் அதுதான். குழந்தை வண்டி ஏற, இரு பக்கமும் சாய்வாகச் செதுக்கிய மரக்கட்டையை வைத்து எடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசவும் படி அப்படியே இருக்கும்.

5. தெருவுக்கு ஓடும் கால்களுக்கு அரைக்கதவு

பகலில் நிலைக்கதவு திறந்தே கிடக்கும் வீடுகள் இவை. அதை மூடிவைத்தால் காற்றும் வெளிச்சமும் போகும். ரேழியின் தெருப்பக்கத்தில் மூன்றடி உயரத்தில் மரத்தாலான அரைக்கதவு ஒன்றைப் பொருத்துங்கள். சட்டங்கள் நெடுக்காக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் குழந்தைக்கு ஏணி ஆகிவிடும். இடைவெளி நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் தலை நுழையாது. திண்ணையில் அழிக்கம்பி போடுவதானாலும் இதே கணக்குதான். கொக்கி வெளிப்பக்கத்தில், பெரியவர் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

6. மூன்று இடத்துக்கும் ஒவ்வொரு வேலை

*வெளிப்படி, கால் கழுவ.* ஒரு பக்கச் சுவரில் இரண்டடி உயரத்தில் குழாய் வையுங்கள். அடியில் சொரசொரப்பான கடப்பாக்கல். அடிக்குக் கால் அங்குலம் சாய்வு கொடுத்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போய்விடும்.

*திண்ணை, செருப்புக்கும் உட்காரவும்.* ஒரு திண்ணையின் ஓரத்தில் சட்டமடித்த திறந்த அலமாரி, தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி வையுங்கள். மூடிய பெட்டி மழைக்காலத்தில் தேளுக்கும் பூரானுக்கும் வீடு. மற்றத் திண்ணையைக் காலியாக விடுங்கள். ஷூ மாட்டவும், தாத்தா பேப்பர் படிக்கவும், பிள்ளைகள் பல்லாங்குழி ஆடவும் அந்த இடம் வேண்டும்.

*ரேழி, பைக்கும் சாவிக்கும்.* சுண்ணாம்புச் சுவரில் தனித்தனி ஆணி நிற்காது. நீளப் பலகை ஒன்றைச் செங்கல்லில் நீண்ட போல்ட் போட்டு இறுக்கி, மாட்டிகளைப் பலகையில் அடியுங்கள். பிள்ளைகளுக்கு மூன்றடி உயரத்தில் ஒன்று, பெரியவர்களுக்கு ஐந்தடியில் ஒன்று. கைக்கெட்டினால் நான்கு வயதுக் குழந்தையும் தன் பையைத் தானே மாட்டும்.

7. தரையும் வெளிச்சமும்

சிவப்பு ஆக்சைடு தரையை உடைக்க வேண்டாம். விரிசலை அதே நிறக் கலவையால் அடைத்துத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசினால் மினுங்கும். படியருகே மட்டும் எண்ணெய் கூடாது, ஈரக்கால் வழுக்கும்.

ரேழியில் பழைய மரப்பலகையில் கட்டைபியூஸ் இருந்தால், பூச்சு வேலைக்கு முன்பே மின்பலகையை மாற்றி, 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் இ.எல்.சி.பி. போடச் சொல்லுங்கள். பூட்டையும் படியையும் காட்டுகிற மாதிரி திண்ணையில் ஒரு மஞ்சள் வெளிச்ச விளக்கு, ரேழியில் இரு முனையிலும் சுவிட்ச் உள்ள ஒன்று. மாடத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றும் வழக்கம் உண்டென்றால், அதன் அருகே பிள்ளைகள் ஏறக்கூடிய எதையும் வைக்காதீர்கள்.

8. ஆட்களை அழைக்கும் வரிசை

முதலில் கொத்தனார், வாய்க்காலுக்கும் சுவரைச் செதுக்கவும். பின்பு பிளம்பரும் எலக்ட்ரீஷியனும். அதன்பின் பூச்சு. சுவர் காயும்போது ஆசாரி கதவைப் பார்க்கலாம். அதன்பிறகு தரை, வெள்ளை. அலமாரி, மாட்டி, அரைக்கதவு கடைசியில். இந்த வரிசை மாறினால் புதுப் பூச்சை உடைத்துத்தான் வயர் இழுக்க வேண்டியிருக்கும்.

ஆண்டுக்கொரு முறை, புரட்டாசி முடியுமுன் வாய்க்காலைத் தூர்வாரி, கைப்பிடியையும் அரைக்கதவுக் கீலையும் ஆட்டிப் பாருங்கள். மாட்டிப் பலகையைப் பிள்ளைகளின் தோள் உயரத்துக்கு ஏற்றுங்கள். கடைக்குட்டி அரைக்கதவின் கொக்கியை எட்டித் திறக்கத் தொடங்கிவிட்டால் அதைக் கழற்றிப் பரணில் போடலாம், அல்லது அடுத்து குழந்தை பிறந்திருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். நிலையில் நான்கு ஸ்க்ரூ ஓட்டைதான் மிஞ்சும். அதை ஆசாரி மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிடுவார்.