50 குதிரைக்கு 2 டிகிரி: நைட்ரஸ் டைமிங் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்க டிராக் ரேஸ் ஆட்கள் காரில் நைட்ரஸ் மாட்டியதும் முதலில் கேட்பது, இக்னிஷன் டைமிங்கை எத்தனை டிகிரி ரிடார்ட் செய்ய, அதாவது பின்னுக்கு இழுக்க, வேண்டும் என்பதைத்தான். பதிலும் தயாராக இருக்கும்: கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 டிகிரி. அந்தக் கணக்கில் பிழை இல்லை. அதையே கடைசி விடையாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்து ஷெட்டுக்கு வரும் நைட்ரஸ் என்ஜின்கள் பலவற்றின் பின்னால், கணக்கைப் போட்டுவிட்டு அதைச் சரிபார்க்காமல் விட்ட ஒருவர் இருக்கிறார்.

நம்பிக்கை: நைட்ரஸ் ஒரு எரிபொருள்.

இல்லை. நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரிவதில்லை. அது ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். அதற்கு ஈடான பெட்ரோலையும் சேர்த்து அனுப்பினால்தான் திறன் கூடும். பெட்ரோல் குறைந்தால் கலவை லீன் ஆகி பிஸ்டன் உருகும். டைமிங்கை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் லீன் கலவையைக் காப்பாற்ற முடியாது. பாட்டிலை 900 முதல் 950 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள் வைத்திருக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். வெயிலில் கிடந்து சூடேறிய பாட்டிலில் அழுத்தம் கூடும், நைட்ரஸ் அதிகமாகப் பாயும், ஆனால் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டின் அளவு மாறாது. ஆகவே டைமிங்கைப் பற்றிப் பேசும் முன் பெட்ரோல் அழுத்தமும் பாட்டில் அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: நைட்ரஸ் கடுங்குளிர். உள்ளே போகும் காற்றையே குளிர்வித்துவிடுகிறது. பிறகு எதற்கு ரிடார்ட்?

முதல் பாதி உண்மை. சாதாரண காற்றழுத்தத்தில் நைட்ரஸ் மைனஸ் 88 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. மானிஃபோல்டுக்குள் திரவமாகப் பீய்ச்சும்போது அது ஆவியாகி காற்றை நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சியால் கிடைப்பதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று சிலிண்டருக்குள் நடக்கிறது.

பெட்ரோல் கலவை பொறி பட்டவுடன் மொத்தமாக எரிந்து முடிவதில்லை. சுடர் பிளக்கிலிருந்து பரவிச் சுவர் வரை போக நேரம் வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறியை விடுகிறோம். பழைய ஸ்மால் பிளாக் செவ்ரலே வி8-ல் முழு த்ராட்டிலில் இப்படி முன்கூட்டி விடும் அளவு, அதாவது மொத்த அட்வான்ஸ், 34 டிகிரி அளவில் இருக்கும். 6000 ஆர்.பி.எம்.-ல் கிராங்க் ஒரு மில்லி நொடிக்கு 36 டிகிரி சுற்றுகிறது. அப்படியானால் பொறி விழுந்து பிஸ்டன் உச்சியைத் தொட ஒரு மில்லி நொடிகூட ஆவதில்லை. உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் கிராங்குக்கு நல்ல தள்ளு கிடைக்கும்.

இப்போது நைட்ரஸ் உள்ளே வருகிறது. காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஸில் 36 சதவீதம். சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது சிதையத் தொடங்கும். சிதையும்போது தானும் வெப்பத்தை வெளியிடும். ஆக்சிஜன் அடர்த்தியாக இருப்பதாலும் சிலிண்டரில் எரிபொருள் கூடுவதாலும் சுடர் வேகமாகப் பரவுகிறது. பழைய 34 டிகிரியிலேயே பொறியை விட்டால், பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறி அதை எதிர்த்துத் தள்ளும். மூலையில் மிஞ்சிய கலவை சுடர் வந்து சேரும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். நாக்கிங் என்பது இதுதான். குளிர்ந்த காற்று இதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. நல்ல ஆக்டேன் பெட்ரோல் போட்ட பெரிய வி8-ல் சிறு அளவு நைட்ரஸ் ரிடார்ட் இல்லாமலே ஓடிவிடுவது உண்டு. அந்த ஒரு என்ஜினை வைத்து எல்லா என்ஜினுக்கும் விதி எழுதக் கூடாது.

நைட்ரஸை என்ஜினில் பயன்படுத்தியவர்கள் கார்க்காரர்கள் மட்டும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர் விமானங்கள் ஜிஎம்-1 என்ற பெயரில் இதே நைட்ரஸை என்ஜினுக்குள் செலுத்தின. அங்கே அது, சூப்பர்சார்ஜர் தளரும் உயரத்தில் மெலிந்துபோன காற்றின் குறையை ஈடுகட்டியது. தரையில் ஓடும் காரில் அப்படி ஈடுகட்ட எந்தக் குறையும் இல்லை. வரும் நைட்ரஸ் எல்லாம் முழுச் சுமையின் மேல் ஏறும் கூடுதல் சுமைதான்.

நம்பிக்கை: 50-க்கு 2 என்ற கணக்கு எல்லா என்ஜினுக்கும், எல்லா வேகத்துக்கும் பொருந்தும்.

அதிகமான என்ஜின்களைக் காவு வாங்குவது இந்த நம்பிக்கைதான் என்பது என் கணிப்பு. இந்தக் கணக்கு பெரிய வி8-களை மனதில் வைத்துப் பிறந்தது. 5.7 லிட்டர், 350 குதிரைத்திறன் வி8-ல் 100 குதிரை நைட்ரஸ் விட்டால் ஒரு சிலிண்டருக்குப் பன்னிரண்டரைதான் கூடும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 100 குதிரைத்திறன் உள்ள 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினில் அதே 100-ஐ விட்டால் ஒவ்வொரு சிலிண்டரின் சுமையும் இரட்டிப்பாகும். கணக்குப்படி இரண்டுக்கும் 4 டிகிரிதான். சிலிண்டருக்குள் நடப்பது இரண்டிலும் ஒன்றல்ல.

எரியறையின் வடிவமும் முக்கியம். செவ்ரலேயின் எல்எஸ் போன்ற பிற்கால என்ஜின்களில் கலவை இயல்பிலேயே வேகமாக எரியும், நைட்ரஸ் இல்லாமலே 30-க்குக் குறைவான அட்வான்ஸ் போதும். பழைய வி8-ன் 34-ல் தொடங்கிக் கழித்தால் வரும் எண் அங்கே உதவாது. எந்த என்ஜினாக இருந்தாலும் அதன் சொந்த டைமிங்கிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று ஆர்.பி.எம். நைட்ரஸ் ஜெட் வழியாக ஒரே சீராகப் பாய்கிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா வேகமாகச் சுற்றுகிறதா என்பது ஜெட்டுக்குத் தெரியாது. குழாயைத் திறந்து விட்டுவிட்டு குடங்களை மெதுவாக நகர்த்தினால் ஒவ்வொரு குடத்திலும் தண்ணீர் கூடுதலாக விழுவதைப் போல, மெதுவாகச் சுற்றும் என்ஜினில் ஒவ்வொரு எரிப்புக்கும் கூடுதல் நைட்ரஸ் போய்ச் சேரும். 6000 ஆர்.பி.எம்.-ல் ஒரு சிலிண்டர் நொடிக்கு 50 முறை எரிகிறது, 3000-ல் 25 முறை. அதே ஜெட், அதே பாட்டில், ஆனால் 3000-ல் ஒவ்வொரு எரிப்புக்கும் இரட்டைப் பங்கு. சுடர் பரவ அங்கே நேரமும் அதிகம். ஆகவே ரிடார்ட் அதிகமாகத் தேவைப்படுவது கீழ் ஆர்.பி.எம்.-ல்தான், மேலே போகப் போக அது குறையலாம். 3000-க்குக் கீழே நைட்ரஸ் திறக்காதபடி விண்டோ ஸ்விட்ச் மாட்டச் சொல்வது இதற்காகத்தான். ஆர்.பி.எம்.முக்கு ஏற்ப ரிடார்ட்டை மாற்றக்கூடிய இசியு இருந்தால் அதில் ஒரே நேர்கோடு போட்டுவிட்டு விடுவது, கையில் இருக்கும் வசதியை வீணாக்குவது.

நம்பிக்கை: எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு.

கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டு அங்கிருந்து தொடங்குவது சரிதான். அங்கேயே நிறுத்திவிடுவது சரியல்ல. எரிதல் தாமதமானால் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. சூடெல்லாம் வால்வு வழியாக ஹெடருக்குப் போகிறது. வால்வு அதிகமாகச் சூடேறும், திறனும் போகும்.

நம்பிக்கை: நாக் சென்சார் காப்பாற்றும்.

நாக் நடந்த பிறகுதான் சென்சார் அதை உணரும். நைட்ரஸ் ஓடும்போது அந்த முதல் சில அடிகளே பிஸ்டனுக்குப் போதும். திறந்த எக்ஸாஸ்ட்டின் இரைச்சலில் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பதும் நடக்காது.

நம்பிக்கை: டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அப்படிச் செய்தால் நைட்ரஸ் இல்லாத நேரமெல்லாம் வண்டி சோம்பி ஓடும். நைட்ரஸைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்குப் போகும் கரண்டிலிருந்தே ரிடார்ட் பாக்ஸுக்கும் சிக்னல் கொடுப்பதுதான் முறை. சோலனாய்டு மூடிய பிறகும் குழாயில் மிச்சம் இருக்கும், எனவே ரிடார்ட் சற்று தாமதித்து விடுபட வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரோடு இப்படிச் செய்பவர்கள் ரோட்டரையும் கவனிக்க வேண்டும். பாக்ஸ் பொறியைத் தாமதிக்கும்போது ரோட்டர் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறது. 12 டிகிரி ரிடார்ட் என்றால், பொறி விழும் நேரத்தில் ரோட்டர் முனை 6 டிகிரி கூடுதலாக நகர்ந்திருக்கும். அடுத்த டெர்மினலுக்கு நெருங்கிவிட்டால் தவறான சிலிண்டரில் பொறி பாயும்.

கடைசி எண்ணைக் கண்டுபிடிப்பது பிளக்கிலும் டிராக்கிலும்தான். ஒன்றிரண்டு படி குளிர்ந்த புதிய பிளக்குகளை மாட்டி, கணக்கு சொல்வதைவிட 2 டிகிரி கூடுதல் ரிடார்ட்டோடு முதல் ஓட்டம். கால் மைல் முடிந்ததும் உடனே இக்னிஷனை அணைத்து வண்டியை உருள விட வேண்டும். ஐடிலில் ஓட்டிக்கொண்டே திரும்பினால் பிளக்கில் எழுதியது அழிந்துவிடும். பிளக்கைக் கழற்றி பூதக்கண்ணாடியில் பாருங்கள். தரை மின்முனையாக வளைந்திருக்கும் பட்டையில் சூடு ஏறிய இடம் நிறம் மாறியிருக்கும். அந்த நிறக்கோடு பட்டையின் நுனியோரம் நின்றால் டைமிங் இன்னும் குறைவு. வளைவின் பக்கம் வந்தால் சரியான இடத்தை நெருங்கிவிட்டது. வளைவைத் தாண்டி அடிப்பக்கம் இறங்கிவிட்டால் டைமிங் அதிகம். வெள்ளைப் பீங்கானில் மிளகைப் போலக் கரும்புள்ளியோ மினுங்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. மினுங்குவது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

பிளக் சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு டிகிரியாகத் திரும்பக் கூட்டி, கோட்டைத் தாண்டும்போது வண்டி எட்டிய வேகத்தைக் குறியுங்கள். கிளம்பும்போது டயர் வழுக்கினால் ஓட்ட நேரம் கெட்டுவிடும், முடிவு வேகம் அவ்வளவாகக் கெடாது. என்ஜினின் திறனை அதுதான் நேர்மையாகச் சொல்லும். ஒரு டிகிரி கூட்டியும் வேகம் கூடவில்லை என்றால் அந்த டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெயில் ஏறும் நாளுக்கும், ஆக்டேன் குறைந்த பெட்ரோல் கிடைக்கும் ஊருக்கும், ஜெட் மாற்றும் ஒவ்வொரு முறைக்கும் இந்தச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.