காலில் வலி, முதுகில் மூலம்

கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடக் குனிவோரும் வாழைத்தார் சுமப்போரும், "கால் இழுக்கிறது" என்று காலுக்கே தைலம் தேய்த்துக்கொள்கின்றனர். கூலி போகுமென அஞ்சி வலியை மறைக்கின்றனர். மூலம் பெரும்பாலும் காலில் இல்லை. இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதால் வலி பாதம் வரை இறங்குகிறது. பலருக்குச் சில வாரங்களில் தணியும். நீடித்தாலும் படுத்தே கிடத்தல் தகாது. இயன்றவரை நடத்தல், மருத்துவர் கற்பிக்கும் பயிற்சி, சுமையைப் பகுத்து உடலோடு அணைத்துத் தூக்குதல் ஆகியவை நலம் தரும். பாதம் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ தாமதியாது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களே! வழிநடப்போர் குனியாது சுமை இறக்கச் சுமைதாங்கிக் கல் நட்ட மரபு நம்முடையது. களத்தருகே அத்தகைய மேடையொன்று அமைப்போமாக!