தராசு கற்பிக்கும் பௌதிகப் பாடம்

உழவர் பருத்தியை விற்பதும், நெசவாளர் நூலைப் பெறுவதும் தராசின் வழியாகவே நடைபெறுகின்றன. முள் நேராக நின்றால் நிறை சரியென்று கொள்வது வழக்கம். அது எந்நிலையில் மெய்யாகும் என்பதை, நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் பௌதிக விதி ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

பெருங்கல்லைப் புரட்டக் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறோம். கல்லுக்கு அருகே ஒரு முட்டு வைத்துக் கடப்பாரையின் மறுகோடியை அழுத்தினால், சிறு விசையே பெருங்கல்லை அசைத்துவிடும். விசையின் அளவை மட்டுமன்றி, முட்டிலிருந்து அது செயற்படும் தூரத்தையும் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. விசையைத் தூரத்தால் பெருக்க வருவது திருப்புத்திறன். இரு பக்கத்துத் திருப்புத்திறன்களும் சமமாயின் கோல் சாயாது. நெம்புகோலின் இவ்விதியைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் கணித முறையில் விளக்கினார்.

தட்டுத் தராசும் ஒரு நெம்புகோலே. அதன் இரு கைகளும் சம நீளமுடையனவாக இருந்தால்தான் முள்ளின் சாட்சி மெய்யாகும். ஒரு கை 50 சென்டிமீட்டர், மற்றது 49 சென்டிமீட்டர் என்று கொள்வோம். குறுங்கையின் தட்டைச் சற்றுக் கனமாக்கிவிட்டால், வெறுந்தராசு சமமாகவே நிற்கும், ஐயம் எழாது. அத்தட்டில் 50 கிலோ பருத்தியை வைத்தால், 50 × 49 = 2,450. மறுதட்டில் 49 கிலோ எடைக்கல் வைத்தாலும், 49 × 50 = 2,450. முள் நேராக நிற்கும். உழவருக்கு ஒரு கிலோ நட்டம்.

அதே தராசில் நூலை நெடுங்கைத் தட்டில் நிறுத்தால் கேடு நெசவாளரைச் சாரும். 5 கிலோ எடைக்கல்லுக்கு 4 கிலோ 900 கிராம் நூலே ஈடாகிவிடும். பின்னர், நெய்து கொடுத்த துணியைச் சரியான தராசில் நிறுத்து எடை குறைவு என்றால், கைக்கு வராத நூலுக்கும் அவரே பொறுப்பேற்க நேரிடும்.

இதனைக் கண்டுபிடிப்பது எளிது. முள் நேராக நின்றபின், பொருளையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வையுங்கள். கைகள் சமமாயின் முள் அசையாது. சமமில்லையாயின் தராசு ஒருபுறம் சாயும்.

பிழையான தராசிலும் சரியான நிறையை அறியலாம். பொருளை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் மணலைக் கொட்டிச் சமன் செய்க. பின்னர்ப் பொருளை எடுத்துவிட்டு, அதே தட்டில் மீண்டும் சமனாகும்வரை எடைக்கற்களை இடுக. அக்கற்களின் நிறையே பொருளின் நிறை. பொருளும் கல்லும் ஒரே கையில் தொங்குவதால், கைகளின் நீளம் கணக்கில் புகுவதில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் போர்டாவின் பெயரால் இம்முறை வழங்குகிறது.

இன்று பல இடங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. பாரத்தால் சிறிதே வளையும் உலோகத் துண்டொன்றில் நேரும் மின்தடை மாற்றமே அங்கு எண்ணாகத் தோன்றுகிறது. அதற்குத் தட்டு மாற்றும் சோதனை பொருந்தாது. முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்த்தலே தக்க சோதனை. எவ்வகைத் தராசாயினும், 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி உரிய காலத்தில் சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருத்தல் வேண்டும்.

சோதித்துக் காட்டுமாறு கேட்பது எடை போடும் ஊழியரை ஐயுறுவதாகாது. பிழையான தராசு சங்கத்தின் இருப்புக் கணக்கையும் குலைக்கும். ஆதலின் நேர்மையான ஊழியரும் அச்சோதனையை வரவேற்பார். அடுத்த முறை சங்கத்திற்குச் செல்லும்போது, பள்ளியில் பயிலும் தங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, இச்சோதனையைச் செய்து பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.