நிரூபிக்க வேண்டியது யார்?

மாநில அரசு கொண்டுவந்த புதுச் சட்டத்தால் என் தொழிலே முடங்கிவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் சட்டம் தப்பு என்று நான் நிரூபிக்க வேண்டுமா, சரி என்று அரசு நிரூபிக்க வேண்டுமா? – வாசகர், ஈரோடு

ஆரம்பம் உங்கள் தலையில்தான். சட்டமன்றம் இயற்றிய சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிபதி உங்கள் வழக்குக் கட்டையே பிரிப்பார். 'என்னை மட்டும் பாகுபடுத்துகிறது' என்று அரசியலமைப்பின் 14-வது பிரிவைப் பிடித்தால், கடைசிவரை அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 1958-ல் ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

19-வது பிரிவு, அதாவது தொழில் செய்யும் உரிமை என்று போனால் கதை வேறு. சட்டம் அந்த உரிமையில் கைவைக்கிறது என்று காட்டினாலே போதும். கட்டுப்பாடு நியாயமானது, பொதுநலனுக்கானது என்று அரசுதான் விளக்கியாக வேண்டும். முழுத் தடை என்றால் அரசின் சுமை இன்னும் கனம். ஜபல்பூர் இறைச்சிக்கூட வழக்கில் (முகமது ஃபரூக், 1969) மத்தியப் பிரதேச அரசின் தடை நிற்காமல் போனது அதனால்தான்.

ஆகவே, மனுவில் பத்துப் பக்கம் புலம்ப வேண்டாம். தொழில் பாதிக்கப்பட்டதைக் காட்ட லைசென்ஸ், ஜிஎஸ்டி ரிட்டர்ன், சம்பளப் பதிவேடு மூன்றையும் இணையுங்கள். அரசின் பதில் மனு வந்ததும் அதில் ஆய்வறிக்கை, புள்ளிவிவரம் ஏதாவது இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டமே, தக்க நடப்புத் தரவு இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. உங்கள் வழக்கில் அரசின் பதிலிலும் வெறும் 'பொதுநலன் கருதி' மட்டும்தான் இருக்கிறதா? தெம்பாக வாதாடலாம்.