மேடு கற்பிக்கும் பாடம்



பிரான்ஸ் நாட்டில் வாழும் நாம், ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் 'தூர் து பிரான்ஸ்' துவிச்சக்கர வண்டிப் போட்டியைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்கின்றோம். 1903ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போட்டியினும் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்த பயணம் ஒன்று இந்நாட்டில் உண்டு. பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் என்பது அதன் பெயர். தலைநகர்ப் பகுதியிலிருந்து மேற்கே அத்திலாந்திக் கரையிலுள்ள பிரெஸ்ட் நகர்வரை சென்று, மீண்டும் புறப்பட்ட இடத்திற்கே திரும்புவதால் அப்பெயர் பெற்றது. இப்பயணத்திற்கு மக்கள் எவ்வாறு மேடுகளில் பயிற்சி பெறுகின்றனர் என்பதையும், அப்பயிற்சியிலிருந்து நாம் கற்கக்கூடியது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பயணத்தின் வரலாறு

1891ஆம் ஆண்டு, 'லு பெத்தி ஜூர்னால்' என்னும் நாளிதழைச் சேர்ந்த பியேர் ஜிபார் இதனை ஒரு போட்டியாகத் தொடக்கி வைத்தார். துவிச்சக்கர வண்டி நெடுந்தூரப் பயணத்திற்கும் ஏற்ற ஊர்தி என்பதை மக்களுக்கு நிறுவிக் காட்டுவதே அவர் நோக்கம். இருநூறுக்கு மேற்பட்டோர் புறப்பட்ட அப்போட்டியில், சார்ல் தெரோன் என்பவர் ஏறத்தாழ 71 மணித்தியாலங்களில் திரும்பி வந்து வெற்றி பெற்றார். தமக்கு முன்னே சென்ற ழியேல் லவால் கங்கோம் என்னும் ஊரில் உறங்கிய வேளையில், தாம் உறங்காமலே அவரை முந்தினார் என்பது வரலாறு.

தொழில்முறை வீரர்களுக்கான போட்டி 1951உடன் முடிவுற்றது. 1931இல் 'ஓடாக்ஸ் குளுப் பரிசியன்' என்னும் கழகம் பொதுமக்களுக்கென ஆரம்பித்த பயணமோ இன்றும் நிலைத்திருக்கின்றது. இப்பொழுது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடைபெறுகின்றது. 2019இலும் 2023இலும் ராம்பூயே நகரிலிருந்து பயணிகள் புறப்பட்டனர். இதில் பரிசுப் பணம் இல்லை. ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தூரத்தை 90 மணித்தியாலங்களுக்குள் கடந்து, வழியிலுள்ள நிலையங்களில் தம் அட்டையில் முத்திரை பெற்று மீள வேண்டும். உண்பதும் உறங்குவதும் அந்த 90 மணித்தியாலங்களுக்குள்ளேயே அடங்கும்.

மலையில்லாப் பாதையில் மலையளவு ஏற்றம்

இப்பாதையில் அல்ப்ஸ் மலை போன்ற நெடுமலை எதுவும் இல்லை. பிரிட்டனி மாநிலத்தின் ரொக் திரெவெசெல் குன்றே உயர்ந்த இடம். அதுவும் 400 மீற்றரை எட்டாது. ஆயினும் பாதை நெடுகிலும் மேடும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. இவ்வேற்றங்கள் அனைத்தையும் கூட்டினால் 11,000 மீற்றருக்கு மேல் வரும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரமோ 8,849 மீற்றர். 'சிறுதுளி பெருவெள்ளம்' என்னும் பழமொழி இங்கே நீருக்கு மட்டுமன்றி மேட்டுக்கும் பொருந்துகின்றது.

மேடு நம் நேரத்தை எவ்வாறு உண்கின்றது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 10 கிலோமீற்றர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்திலும், அதே 10 கிலோமீற்றர் இறக்கத்தை மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலும் ஒருவர் கடக்கின்றார் எனக் கொள்வோம். சராசரி வேகம் 25 என்று பலரும் விரைந்து விடை கூறுவர். அது தவறு. ஏற்றத்திற்கு 60 நிமிடம், இறக்கத்திற்கு 15 நிமிடம். ஆக 20 கிலோமீற்றருக்கு 75 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீற்றரே. ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கம் மீட்டுத் தருவதில்லை. ஆகவேதான் இப்பயணத்தை விரும்புவோர் சமதரையில் மட்டும் ஓடிப் பழகாது மேடுகளைத் தேடிச் செல்கின்றனர்.

உடலின் கணக்கும் இத்தகையதே. வண்டியும் ஆளுமாக 80 கிலோகிராம் நிறையை 11,000 மீற்றர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 2,000 கிலோகலோரி வேலை செய்ய வேண்டும். உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவையே நம் தசைகள் வேலையாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிறது. எனவே ஏற்றத்திற்கு மட்டும் 8,000 கிலோகலோரிக்கு மேற்பட்ட உணவு தேவை. இது வளர்ந்த ஒருவரின் மூன்று நாலு நாள் உணவாகும்.

பயிற்சி முறைகள்

பாரிஸ் நகரில் வாழ்வோர்க்கு மேடு தொலைவில் இல்லை. லாசப்பலுக்கு அண்மையிலுள்ள கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். 'பி' புகையிரதம் ஏறினால், அதன் ஒரு முனையான சென் ரெமி லே செவ்ரூஸ் சென்று இறங்கலாம். வார இறுதி நாள்களில் வண்டியையும் உடன் ஏற்றிச் செல்ல இயலும். அங்கே தொடங்கும் செவ்ரூஸ் பள்ளத்தாக்கின் மேடுகள் நூறு மீற்றர் உயரத்தைக்கூட எட்டாதவை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வருவன. பிரெஸ்ட் பாதையின் இயல்பும் அதுவே.

முதலாவது, ஒரே மேட்டைப் பலமுறை ஏறுதல். ஐந்து நிமிடத்தில் ஏறக்கூடிய மேடொன்றைத் தெரிந்து, வாரம் ஒரு நாள், தொடக்கத்தில் மூன்று முறையும் நாளடைவில் எட்டு முறை வரையும் ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளல் நன்று. கடைசி ஏற்றம் முதல் ஏற்றத்தைவிட மிகவும் தாமதமாயின், கால்கள் வலிமை குன்றியவை என்று கொள்ளற்க. முதல் ஏற்றத்தில் நாம் அளவு மீறினோம் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, பற்சில்லுகளை அறிந்து மிதித்தல். முன்புறத்துச் சிறிய பற்சில்லும் பின்புறத்துப் பெரிய பற்சில்லும் சேரும்போது மிதித்தல் எளிதாகும். சரிவு கடுமையான பின் சங்கிலியை மாற்ற முயன்றால் அது நழுவக்கூடும். மேடு தொடங்கும் முன்னரே மாற்றிவிட வேண்டும். அருகில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேசக்கூடிய அளவே தக்க முயற்சி. பேச்சுத் தடைப்படுமாயின் உடல் தன் சேமிப்பை விரைந்து செலவிடுகின்றது என்று அறிக.

மூன்றாவது, தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுதல். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்களவு கூட்டி, நான்காம் வாரத்தில் குறைத்து ஓய்வு கொள்வது நல்ல வழக்கம். பயிற்சியில் களைத்த தசை ஓய்விலேதான் வலுப்பெறுகின்றது. இப்பயணத்திற்குத் தகுதி பெறவும் படிகள் உண்டு. அவ்வாண்டிலேயே 200, 300, 400, 600 கிலோமீற்றர்ப் பயணங்களை முறையே பதின்மூன்றரை, 20, 27, 40 மணித்தியாலங்களுக்குள் முடித்திருத்தல் வேண்டும்.

நான்காவது, பசிக்கு முன் உண்ணுதல். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து அல்லது சர்க்கரை தேவைப்படும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பசி தோன்றும்வரை காத்திருப்பவர் அடுத்த மேட்டில் கால் ஓய்ந்து நிற்பார். பயிற்சியில் உண்டு பழகாத உணவைப் பயண நாளில் உண்ணலாகாது.

இறக்கமும் உறக்கமும்

மேடேறும்போது நாம் இழப்பது நேரம். கவனமின்றி இறங்கும்போது இழக்கக்கூடியது உயிர். வளைவுக்கு முன்னரே இரு பிறேக்குகளையும் மெல்லப் பிடித்து வேகம் தணித்தல் வேண்டும். இரவில் முன்னும் பின்னும் விளக்கு, ஒளி தெறிக்கும் மேலாடை என்பன இன்றியமையாதன. இந்நாட்டில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தலைக்கவசம் அணிவது 2017 மார்ச் முதல் சட்டமாகும். சட்டம் வற்புறுத்தாத பெற்றோரும் அணிந்தால் பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள்.

தெரோன் உறங்காமல் வென்றார் என்று முன்னர் கண்டோம். அது போட்டி. இன்றைய பயணத்தில் முந்த வேண்டியவர் எவருமில்லை. வண்டியிலேயே கண் அயர்ந்து வீழ்வதே நெடும்பயணத்தின் பேராபத்து. இமை கனக்கும்போது பாதையை விட்டு விலகி இருபது நிமிடம் உறங்குபவர் கோழையல்லர். வீடு திரும்ப வேண்டும் என்பதை மறவாதவர். பயணத்தை இடையில் நிறுத்திப் புகையிரதம் ஏறுவதும் இழுக்கன்று.

இத்தூரங்கள் வளர்ந்தோர்க்கு உரியன என்பதையும் வலியுறுத்துகின்றோம். வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோருடன் ஒரு பிற்பகல் சென்று வரும் தூரமும், தாமே விரும்பி ஏறும் ஒரு சிறு மேடும் போதும்.

அதே மேடு மீண்டும் வரும்

இப்பயணத்தின் சிறப்பு ஒன்று உண்டு. போகும்போது மோர்த்தாஞ், வில்லேன் ஆகிய ஊர்களுக்கு இடையே ஏறிய மேடுகள், திரும்பும்போது 1,000 கிலோமீற்றர் கடந்த பின் மீண்டும் எதிர்ப்படுகின்றன. மேட்டின் உயரம் கூடவில்லை, மாறியவர் நாமே. முதல் நாளில் பிறர் முந்திச் செல்வதைக் கண்டும் மனங்கலங்காது, தம் அளவறிந்து ஏறியவருக்கு அம்மேடு வழிவிடும். அன்று வீறுகொண்டு பாய்ந்தவர் பலர் இன்று வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பர்.

பிள்ளைகள் முதல் மேட்டில் பின்தங்கினால் பெற்றோராகிய நாம் கவலை கொள்கின்றோம். அயலார் பிள்ளையோடு ஒப்பிட்டு விரட்டுகின்றோம். சனிக்கிழமைதோறும் தமிழ் எழுத்துகளோடு போராடும் பிள்ளைக்கும் இது பொருந்தும். இடைவிடாத சிறு பயிற்சியும், இடையிடையே ஓய்வும், தன் அளவு அறிதலுமே தொலைவைக் கடக்க உதவும். அப்பிள்ளை இரண்டாம் முறை அம்மேட்டை எவ்வாறு ஏறுகின்றது என்பதைப் பொறுத்திருந்து காண்போமாக.

மாணவர் சிந்தனைக்கு

1. ஒரு மேட்டின் உயரம் 80 மீற்றர். 11,000 மீற்றர் ஏற்றத்திற்கு அத்தகைய மேடுகள் எத்தனை தேவை?
2. 12 கிலோமீற்றர் ஏற்றத்தை மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்திலும், அதே தூர இறக்கத்தை மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திலும் கடந்தால் சராசரி வேகம் யாது?
3. கடைசி ஏற்றம் தாமதமாவதற்கு முதல் ஏற்றம் எவ்வாறு காரணமாகின்றது? ஐந்து வாக்கியங்களில் எழுதுக.