தேக்குவதா, திறப்பதா?

கேரளத்தில் குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கு இடையே பெரியாற்றை மறித்து நிற்கிறது இடுக்கி வளைவு அணை. இதற்கு மதகுகள் இல்லை. இணைந்துள்ள செறுதோணி அணையின் ஐந்து மதகுகளே மிகைநீருக்கு வழி. தேங்கிய நீர் 600 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கி, மூலமற்றத்தில் பாறையைக் குடைந்து அமைத்த மின்நிலையத்தின் விசைச்சுழலிகளைச் சுழற்றுகிறது. அதன் நிறுவுதிறன் 780 மெகாவாட்.

ஆனி, ஆடி மழையைத் தேக்கிக் கோடைவரை சிறுகச் சிறுகச் செலவிடுவது நீர்மின் நிலையங்களின் வழக்கம். உழவர் குதிரில் நெல் சேர்ப்பது போன்றது. மழை முறை தவறாதவரை இதில் பிழையில்லை.

இப்போது அம்முறை தவறுகிறது. காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும். எனவே பல நாள் பெய்ய வேண்டிய மழை சில நாள்களில் கொட்டுகிறது. இடையே வறட்சி நீள்கிறது. 2016இல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இயல்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டே ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை பெய்த மழை இயல்பைவிட 42 விழுக்காடு மிகுதி. ஜூலை இறுதியிலேயே இடுக்கி நிரம்பும் நிலையை நெருங்கியிருந்தது. ஆகஸ்டு 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பின், செறுதோணியின் மதகு உயர்ந்தது. மறுநாள் ஐந்தும் உயர்ந்தன.

வெள்ளத்துக்கு அணைகளே காரணம் என்றனர் சிலர். அத்தகைய மழைக்கு எந்த அணையும் ஈடுகொடுத்திராது என்றனர் வேறு சிலர். பின்னதில் உண்மை மிகுதி. ஆயினும் அணையில் போதிய வெற்றிடம் இருந்திருந்தால், நீரை எப்போது, எவ்வளவு திறப்பது என்று தேர்ந்துகொள்ளவேனும் இடம் இருந்திருக்கும்.

முல்லைப் பெரியாறு பற்றிய செய்திகளில் நாம் அடிக்கடி கேட்கும் 'ரூல் கர்வ்' இதற்கானதே. ஒவ்வொரு காலப்பகுதியிலும் நீர்மட்டம் எதற்கு மேல் உயரலாகாது என வரையறுக்கும் கோடு அது. இடுக்கியின் முழுமட்டம் 2,403 அடி. 2021 அக்டோபரில் நீர்மட்டம் அதற்குச் சில அடி கீழே இருந்தபோதே மதகுகள் திறக்கப்பட்டன. அவ்வாறு விட்ட நீர் விசைச்சுழலியைத் தொடுவதில்லை. அதன்பின் மழை பொய்த்துவிட்டால், அந்நீர் தந்திருக்கக்கூடிய மின்சாரத்தைக் கோடையில் வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்க வேண்டிவரும்.